விருப்பமிருந்தால்

இருபத்து நாலாம் தேதி மத்தியானமே
ஏலத்தோட்டத்துப் பெண்கள் பதினான்கு பேரையும்
போடியில் இறக்கிவிட்டு
காலி ஜீப்பை மெட்டுக்கு ஏற்றினேன்.
பக்கத்து சீட்டில் நாமக்கல் முட்டை ஒரு டஜன்,
என் துண்டால் கட்டிப்போட்டு.
செக்போஸ்டில் பனிமூட்டத்தோடு குனிந்தவன்
"வேறெந்தெங்கிலும் உண்டோ?" என்றான்.
"ஒந்நுமில்ல சாறே."
டூல் பாக்ஸை அவன் திறக்கவில்லை.

பூப்பாறை வீட்டில் ஜோவிட்டா
கணக்கு நோட்டின் கடைசித் தாளில்
எழுதி வைத்திருந்தாள்:
பால் ஒரு லிட்டர். மஞ்சள் கரு ஆறு. சர்க்கரை.
கோகோ. சாதிக்காய் ஒரு சிட்டிகை.
ரம், விருப்பமிருந்தால்.

கடைசி வரியை யாரோ ரப்பரால் அழித்திருந்தார்கள்.
பேனா எழுத்து. போகவில்லை.
தாள்தான் நைந்திருந்தது.

கோகோவுக்குப் பொட்டலம் வாங்கவில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் பென்னிச்சனுக்கு நாற்பது மரம்.
வாழையிலை மூடிப் புளித்து
வெயில் வராத மாதத்தில் அடுப்புப் பரணில் காய்ந்த கொட்டை
தோசைக்கல்லில் படபடத்தது.
தோல் ஊதி மிக்ஸியில் போட்டால்
பொடியாகவில்லை, சேறாகிறது.
அதற்குள்ளேயே அவ்வளவு எண்ணெய்.
ஜோவிட்டா விரலில் தொட்டு நக்கி
முகத்தை ஒரு பக்கமாகத் திருகினாள்.

முதல் தடவை நான்தான் கெடுத்தேன்.
கொதித்த பாலை ஒரே ஊற்றாக ஊற்ற
பாத்திரத்தில் முட்டைப் பொரியல் மிதந்தது.
பிலோமி ஒன்றும் சொல்லாமல் நாய்க்கு வைத்தாள்.
அது ஒரு வாய் நக்கிவிட்டு
என்னை நிமிர்ந்து பார்த்தது.

மிச்சம் ஆறு முட்டை.

"கரண்டி கரண்டியா விடணும்.
விட விட அடிச்சிக்கிட்டே இருக்கணும்.
சூடு ஏறுறது அதுக்கே தெரியக் கூடாது."
அவள் ஊற்ற, நான் அடித்தேன்.
சிறு தீயில் கிண்டி
கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தேன்.
கோடு நின்றது.
கோகோச் சேறு கரைந்து
பால் மழைக்கால ஆற்றின் நிறத்துக்கு வந்தது.

வேலியில் இருந்து பென்னிச்சன்:
"ரம் இல்லாத்த எக்நாகோ?
அது வெறும் முட்டைப்பாலல்லே!"
அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.
உள்ளே ஒரு தட்டு
வேண்டியதற்கு மேல் சத்தமாக வைக்கப்பட்டது.

ஜீப்புக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டு வருகிறேன் என்று
வெளியே போனேன்.
டூல் பாக்ஸில், ஜாக்கிக்குக் கீழே,
பழைய பனியனில் சுற்றிய அரை பாட்டில்.
இருநூற்றுப் பதினொரு நாளாக
கொண்டைஊசி வளைவுகளில் ஸ்பேனரோடு இடித்து இடித்து
நான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வரும்.
குடிக்க இல்லை. மோந்து பார்க்கத்தான்.
இப்படித்தான் ஆரம்பிக்கும் என்பதும் தெரியும்.

மூடியைத் திருகினேன்.
புளித்த வாடை.
மேலே வெள்ளையாக ஒரு பூஞ்சை வட்டம்.
கட்டன் சாயா.
நிறம் மட்டும் அச்சு அசல்.

எப்போது ஊற்றினாள்?
மழை பிடித்த அன்றா, போன வாரமா?
பூஞ்சைக்கு வயது சொல்ல யாரிடம் கேட்பது?
தினம் மலை ஏறி இறங்கி
நான் பல்லைக் கடித்து ஜெயித்தது
ஒரு டம்ளர் சாயாவையா?

முதலில் கோபம்தான் வந்தது.
ஏமாந்தவனுக்கு வரும் கோபம்.
கீழ் லயத்தில் கரோல் கூட்டம்
தப்புத் தாளத்தில் டிரம் அடித்து
இரண்டு வீடு தாண்டும் வரை இருந்தது.
பிறகு தனியாக நின்று சிரித்தேன்.
பாட்டிலை அதே பனியனில் சுற்றி
அதே இடத்தில் வைத்தேன்.

உள்ளே அவள்
டம்ளர்களுக்கு மேலே சாதிக்காய் துருவிக்கொண்டிருந்தாள்.
நிமிராமல்,
"தார்ப்பாய் போட்டாச்சா?"
"ஆச்சு."
போடவில்லை.
"இதுல கொஞ்சம் கட்டன் சாயா சேர்த்தா
எப்படி இருக்கும் பிலோமி?"

கை ஒரு நொடி நின்றது.
பிறகு துருவினாள், துருவினாள்,
ஒரு சிட்டிகை எப்போதோ தாண்டிவிட்டது,
ஜோவிட்டா "அம்மா, போதும்" என்கிறாள்,
இன்னும் விழுந்துகொண்டே இருக்கிறது.